17ல நிக்கிறவருக்கு ஒரு பதில்: லெவலிங் கைடுக்கு காசு குடுக்கலாமா?

உங்க கேள்வி எனக்கு புரிஞ்ச வரைக்கும் இதுதான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற ஆன்லைன் விளையாட்டோட பழைய வடிவமான கிளாசிக்ல புதுசா சேர்ந்திருக்கீங்க, கூட விளையாடுறவங்க எல்லாரும் உச்ச லெவல் 60 முடிச்சு ரெய்டு (பெரிய குழு சண்டை) போக ஆரம்பிச்சிட்டாங்க, நீங்க மட்டும் 17ல நிக்கிறீங்க, மாச சந்தா போக தனியா காசு குடுத்து ஒரு லெவலிங் கைட் (லெவலை சீக்கிரம் ஏத்த வழி சொல்றது) வாங்கினா அவங்களை சீக்கிரம் புடிச்சிடலாமான்னு கேக்குறீங்க. பழைய ரூன்ஸ்கேப், ஃபைனல் ஃபேண்டஸி 14ங்கற வேற ரெண்டு ஆன்லைன் விளையாட்டு பத்தியும் ஒரு வரி கேட்டிருந்தீங்க, அதையும் பின்னாடி சொல்றேன். சுருக்கமா என் பதில்: முதல் கேரக்டருக்கு வேண்டாம், மூணாவது கேரக்டருக்கு யோசிக்கலாம், ஒரு தடவை செத்தா கேரக்டரே போற ஹார்ட்கோர் சர்வர்ல விளையாடுறீங்கன்னா கணக்கே வேற. இப்ப ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். எந்த குவெஸ்ட் (விளையாட்டு குடுக்குற வேலை) எங்க கிடைக்கும், எந்த மிருகம் எந்த குகைல இருக்கு, எந்த பொருள் எத்தனை சதவீதம் விழும், இதெல்லாம் இன்னிக்கு காசு குடுத்து வாங்குற சரக்கே இல்ல. அந்த காலத்துல தாட்பாட்னு ஒரு தளம் இருந்துச்சு, 2006ல வாவ்ஹெட் தளம் வந்துச்சு, இப்ப கிளாசிக்குக்கு குவெஸ்டீன்னு ஒரு இலவச ஆட்ஆன் (விளையாட்டுக்குள்ள சேர்க்குற துணை நிரல்) இருக்கு, போட்டா மேப் முழுக்க குறி குறியா தெரியும், எந்த குவெஸ்டுக்கு எங்க போகணும்னு அதுவே காட்டும். அப்புறம் எதுக்கு காசு? வரிசைக்கு. இந்த ஊர்ல ஏழு குவெஸ்ட் இருக்கு, அதுல அஞ்சு மட்டும் எடு, மூணை இப்ப முடி, ரெண்டை பைல வெச்சுக்கிட்டே தெற்கே போ, அங்க இன்னும் நாலு எடு, எல்லாத்தையும் ஒரே சுத்துல முடிச்சிட்டு ஹார்த்ஸ்டோனை (செட் பண்ண ஊருக்கு உடனே திரும்ப கொண்டுவர்ற கல்லை) தட்டி திரும்பி வா, வந்த உடனே அஞ்சையும் சேர்த்து குடு, லெவல் ஏறும், புது வித்தை கத்துக்குடுக்குற ட்ரெய்னர் பக்கத்துலயே நிக்கிறார். இந்த சுத்தை யோசிச்சு, பல தடவை ஓடி பார்த்து, சரி பண்ணி குடுக்குறதுதான் நல்ல கைட் பண்ற வேலை. ஹார்த்ஸ்டோன் கிளாசிக்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான், அதை எந்த ஊர்ல செட் பண்றோம், எப்ப தட்டுறோம்ங்கறதுலயே ஒவ்வொரு சுத்துலயும் பல நிமிஷம் மிச்சமாகும், புதுசா வர்றவங்க யாரும் அதை யோசிக்கவே மாட்டாங்க, நானும் யோசிச்சதில்ல.

ஆனா அந்த வரிசை உங்களுக்கு எவ்வளவு மிச்சப்படுத்தும்ங்கறது உங்க ஒரு மணி நேரம் எங்க போகுதுங்கறதை பொறுத்தது. இதை நீங்களே அளந்து பாக்கலாம், காசு செலவே இல்ல. ஒரு நாள் சாயங்காலம் உக்காந்து ஒரு மணி நேரம் விளையாடுங்க, பக்கத்துல ஒரு பேப்பர் வெச்சுக்குங்க. நடக்குறதுக்கு எவ்வளவு, சண்டைக்கு எவ்வளவு, செத்துட்டு ஆவியா ஓடி வர்றதுக்கு எவ்வளவு, பை ரொம்பி கடைக்கு போறதுக்கு எவ்வளவு, அடுத்து என்ன பண்றதுன்னு மேப்பை திறந்து வெச்சுக்கிட்டு முழிக்கிறதுக்கு எவ்வளவு. குத்துமதிப்பா எழுதினா போதும். நடையும் முழிப்பும் பாதிக்கு மேல இருந்தா கைட் உங்களுக்கு உதவும். சண்டையும் சாவும் பாதிக்கு மேல இருந்தா எந்த கைடும் உதவாது, ஏன்னா பிரச்சனை ரூட்ல இல்ல, அடிக்கிற விதத்துல இருக்கு. நான் பாத்த வரைக்கும் 20க்கு கீழ நிக்கிற புது ஆளுங்க நிறைய பேருக்கு ரெண்டாவதுதான்.

உதாரணத்துக்கு ஒண்ணு. புது ஆளுங்க பண்ற பெரிய தப்பு, பெரிய மிருகத்தை அடிச்சா பெரிய எக்ஸ்பி (லெவல் ஏத்துற அனுபவ புள்ளி) கிடைக்கும்னு நினைக்கிறது. கிளாசிக்ல கணக்கு ரொம்ப சிம்பிள், உங்க லெவலை 5ஆல பெருக்கி 45 கூட்டினா உங்க சம லெவல் மிருகத்துக்கு கிடைக்கிற எக்ஸ்பி. லெவல் 30ன்னா 195. மிருகம் உங்களை விட ஒவ்வொரு லெவல் மேல போக 5% கூடும், அவ்வளவுதான், 33 லெவல் மிருகத்தை அடிச்சா சுமார் 224. அந்த 29 எக்ஸ்பிக்காக உங்க அடி அதிகமா மிஸ் ஆகுது, மந்திரம் அதிகமா ரெசிஸ்ட் ஆகுது (பலிக்காம போகுது), உயிர் பாதியா குறையுது, உக்காந்து தண்ணி குடிச்சு எந்திரிக்கிறீங்க. அதே நேரத்துல ரெண்டு லெவல் கம்மியான மிருகத்தை ரெண்டு அடிச்சிருக்கலாம், ஒண்ணுக்கு 160 சொச்சம் வந்திருக்கும். இது தெரிஞ்சுட்டாலே வேகம் கண்ணுக்கு தெரியுற அளவுக்கு கூடும், இதுக்கு யாருக்கும் காசு குடுக்க வேண்டாம்.

ரெஸ்ட் எக்ஸ்பியும், அதாவது விளையாடாத நேரத்துல சேர்ற போனஸும், அப்படித்தான். சத்திரத்துல லாக்அவுட் பண்ணா 8 மணி நேரத்துக்கு அந்த லெவலோட 5% சேரும், அதிகபட்சம் ஒண்ணரை லெவல் வரைக்கும், அந்த அளவு தீர்ற வரைக்கும் மிருகம் அடிக்கிற எக்ஸ்பி ரெட்டிப்பு. வெளிய காட்டுல லாக்அவுட் பண்ணா அதே விஷயம் நாலு மடங்கு மெதுவா சேரும். ராத்திரி தூக்கம் வந்துருச்சுன்னு நடுக்காட்டுல அப்படியே கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு போறவங்க எத்தனை பேர்! முழுசா நிரம்ப பத்து நாள் ஆகும், அதனால வாரத்துல ரெண்டு நாள் மட்டும் விளையாடுறவங்களுக்கு பாதிக்கு மேல ரெட்டிப்புலயே ஓடும். இதுல ஒரு வேடிக்கை, கைட் விக்கிறவங்க சொல்ற 'இத்தனை நாள்ல 60' கணக்கு எல்லாம் இடைவிடாம விளையாடுற ஆளை வெச்சு போட்டது, அவங்களுக்கு ரெஸ்ட் எக்ஸ்பி சேரவே வாய்ப்பில்ல. உங்களுக்கு சேரும். அப்ப குவெஸ்ட் ஓட்டத்தை விட மிருகம் அடிக்கிறது உங்களுக்கு லாபமா இருக்கலாம், கைட் சொல்ற வரிசை உங்களுக்காக எழுதினதே இல்லன்னு ஆகிடும்.

இப்ப என் கதை ஒண்ணு. பழைய காலத்துல, லிச் கிங்னு இந்த விளையாட்டோட ஒரு எக்ஸ்பான்ஷன் (பெரிய புது பாகம்) ஓடிட்டு இருந்த சமயம், நானும் ஒரு கைட் வாங்கினேன். பிடிஎஃப். 'வாழ்நாள் முழுக்க இலவச அப்டேட்'னு பெருசா போட்டிருந்தான். வாங்குறதுக்கு முன்னாடி நாலஞ்சு ரிவ்யூ படிச்சேன், எல்லாமே ஆகா ஓகோ, கடைசில ஒரு லிங்க். அந்த லிங்க் மூலமா யார் வாங்கினாலும் எழுதினவனுக்கு கமிஷன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சது, அந்த காலத்துல லெவலிங் கைட் வியாபாரம் பெருசா நடந்ததே இந்த கமிஷன் லிங்க்லதான். சரி, கைட் மோசமான்னு கேட்டா அப்படி சொல்ல மாட்டேன், உள்ள சரக்கு இருந்துச்சு, ஆனா விளையாட்டை மினிமைஸ் பண்ணிட்டு பிடிஎஃப்ல 43வது பக்கத்துல 17வது ஸ்டெப்பை தேடுறதுக்குள்ள பின்னாடி பன்னி வந்து முட்டிட்டு போயிரும். ரெண்டு மானிட்டர் இல்லாதவனுக்கு பிடிஎஃப் கைட் ஒரு தண்டனை. அப்புறம் 2010 டிசம்பர்ல அடுத்த எக்ஸ்பான்ஷன் கேட்டக்ளிசம் வந்துச்சு, பழைய 1-60 உலகத்தையே மாத்தி எழுதிட்டாங்க, பேரன்ஸ்ங்கற பகுதி ரெண்டா பிளந்துச்சு, தவுசண்ட் நீடில்ஸ்ல தண்ணி ரொம்பிடுச்சு, என் பிடிஎஃப் சொல்ற பாதைல பாதி கடலுக்கு அடில. வாழ்நாள் அப்டேட்னு சொன்னவனுக்கு மெயில் போட்டேன், சைட்டே இல்ல. வாழ்நாள்னு சொன்னது யாரோட வாழ்நாள்னு நான் கேக்காம விட்டது என் தப்பு.

அதனால வாங்குறதா இருந்தா நான் முதல்ல பாக்குறது வடிவம். விளையாட்டுக்குள்ளயே ஓடுற ஆட்ஆனா இருக்கணும், திரைல அம்புக்குறி காட்டணும், குவெஸ்ட் முடிஞ்சதை அதுவே கண்டுபுடிச்சு அடுத்த ஸ்டெப்புக்கு போகணும். அதைவிட முக்கியம், நடுவுல ஒரு டஞ்சனுக்கு (குழுவா போற தனி இடத்துக்கு) போய் ரெண்டு லெவல் ஏறி வந்தா எங்கிருந்து தொடரணும்னு அதுக்கு தெரியணும். ஸைகர், ரெஸ்டட்எக்ஸ்பி மாதிரி பேர் தெரிஞ்சதெல்லாம் இந்த வகைதான். இதுல ஒரு சின்ன பின்கதை இருக்கு. 2009 மார்ச்ல இந்த விளையாட்டை நடத்துற பிளிஸார்ட் கம்பெனி ஒரு ஆட்ஆன் கொள்கை போட்டாங்க, ஆட்ஆன் இலவசமா இருக்கணும், உள்ள இருக்கிற நிரலை மறைக்கக்கூடாது, உள்ள விளம்பரம் போடக்கூடாது, விளையாட்டுக்குள்ள நன்கொடை கேக்கக்கூடாது. அதுக்கு முன்னாடி காசுக்கு வித்துட்டு இருந்த கார்பனைட்ங்கற ஆட்ஆன் அப்புறம் இலவசமாச்சு. அதனால இப்ப ரெஸ்டட்எக்ஸ்பி மாதிரி ஆளுங்க ஆட்ஆனை சும்மா குடுத்துட்டு உள்ள ஏத்துற வழித்தடத்துக்கு மட்டும் காசு வாங்குறாங்க. உங்களுக்கு இதுல என்ன லாபம்னா, அதே மாதிரி இலவச ஆட்ஆன்ல இலவச வழித்தடம் எழுதி போடுற ஆளுங்களும் இருக்காங்க, வாவ்-ப்ரோன்னு ஒரு குழு ரொம்ப வருஷமா சும்மாவே எழுதி குடுக்குது. மெருகு கொஞ்சம் கம்மியா இருக்கும், அங்கங்க அம்பு தப்பா காட்டும், ஆனா வேலை நடக்கும். காசு கைடுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் நீங்க குடுக்கிற காசோட மதிப்பு. கைடே இல்லாம தடவிட்டு இருக்கிறதோட ஒப்பிட்டா எதுவும் அற்புதமாத்தான் தெரியும், விக்கிறவன் அப்படித்தான் ஒப்பிட்டு காட்டுவான்.

மூணாவது கேரக்டருக்கு யோசிக்கலாம்னு ஏன் சொன்னேன்னா, முதல் தடவை போகும்போது நீங்க ரெண்டு வேலை பண்றீங்க, லெவலும் ஏத்துறீங்க, உங்க கிளாஸை (வாரியர், ஹண்டர் மாதிரி கேரக்டர் வகையை) ஓட்டவும் கத்துக்கிறீங்க. அம்பு பின்னாடியே போறவனுக்கு ரெண்டாவது வேலை நடக்காது. 60 வந்து டஞ்சனுக்கு கூட்டிட்டு போவாங்க, எந்த வாசல் எங்க இருக்குன்னே தெரியாது, ஏன்னா மூளை உலகத்தை பாக்கல, அம்பை மட்டும்தான் பாத்துச்சு. இது நான் கூட விளையாடின ஒருத்தர்கிட்ட கண்கூடா பாத்தது, ஹண்டர், லெவல் 58, கூட சண்டை போடுற பெட்டுக்கு (வளர்ப்பு மிருகத்துக்கு) சாப்பாடு போடணும்னு அவருக்கு தெரியல, பெட் ஓடிப்போச்சு, கைட்ல அந்த ஸ்டெப் இல்லயாம்! ஆனா மூணாவது கேரக்டர் ஏத்துறவனுக்கு ஊரும் தெரியும், கிளாஸும் பழகிடும், அவனுக்கு வேண்டியது யோசிக்காம கை மட்டும் வேலை செய்யுற ஒரு ஓட்டம், அங்க கைட் சுகமா இருக்கும். புது சர்வர் திறக்குற முதல் வாரமும் அப்படி, எல்லாரும் ஒரே பள்ளத்தாக்குல ஒரே பன்னிக்கு அடிச்சிட்டு இருக்கும்போது கூட்டத்துக்கு முன்னாடி ஓடுறவனுக்கு லாபம். ஆனா அங்க ஒரு சிக்கல், அதே கைடை வாங்கின இன்னும் ஆயிரம் பேர் அதே ஸ்டெப்புக்கு அதே நேரத்துக்கு வந்து நிப்பாங்க, அப்ப கைட்ல இல்லாத பக்கத்து காட்டுக்கு போனவன் நிம்மதியா அடிச்சிட்டு இருப்பான்.

ஹார்ட்கோர்ல கணக்கு வேறன்னு சொன்னேன். 2023 ஆகஸ்ட்ல பிளிஸார்ட் அதிகாரப்பூர்வமா ஹார்ட்கோர் சர்வர் திறந்தாங்க, ஒரு தடவை செத்தா கேரக்டர் அவ்வளவுதான். அங்க வேகம் முக்கியமே இல்ல, எந்த குகைக்குள்ள போனா நாலு மிருகம் சேர்ந்து வரும், எந்த எஸ்கார்ட் குவெஸ்ட்ல (ஒருத்தரை பத்திரமா கூட்டிட்டு போற வேலைல) பின்னாடி இருந்து ஆளு திடீர்னு முளைக்கும், எதை விட்டுட்டு போகணும், இதுதான் விஷயம். லெவல் 45ல செத்தா போறது எத்தனையோ நாள் உழைப்பு. அங்க எந்த குவெஸ்டை எடுக்காதேன்னு சொல்ற கைட் குடுக்கிற காசுக்கு நியாயமா இருக்கும். என் கருத்துல காசு கைடுக்கு உண்மையா ஒரு இடம் இருக்குன்னா அது இங்கதான்.

அதுக்கு நேர் எதிர், இப்ப ஓடிட்டு இருக்கிற மெயின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2018 ஜனவரில உலகம் முழுக்க உங்க லெவலுக்கு ஏத்த மாதிரி மிருகம் மாறுற ஸ்கேலிங் கொண்டு வந்தாங்க, 2020ல ஷேடோலேண்ட்ஸ் வரும்போது 120 லெவலை சுருக்கி புது உச்சத்தை 60 ஆக்கினாங்க. குவெஸ்ட் எங்க இருக்குன்னு விளையாட்டோட மேப்பே காட்டுது, அந்த வசதி 2009 டிசம்பர் பேட்ச்லயே வந்தாச்சு. அங்க லெவலிங் கைடுக்கு காசு குடுக்கிறது எனக்கு அர்த்தமா படல. அவசரம்னா கம்பெனியே பூஸ்ட் (கேரக்டரை நேரா பெரிய லெவலுக்கு ஏத்துறது) விக்குது, 2014ல ஆரம்பிக்கும்போது லெவல் 90 பூஸ்டுக்கு 60 டாலர் வெச்சாங்க.

பழைய ரூன்ஸ்கேப், அதாவது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். இங்க ஒரு ஸ்கில் 99 வர 13,034,431 எக்ஸ்பி வேணும், அதுல பாதி தூரம் எதுன்னா லெவல் 92, 6,517,253. அதாவது ஏழு லெவலுக்கு ஒரு தடவை தேவை ரெட்டிப்பாகுது. இந்த மாதிரி விளையாட்டுல ரூட்டை விட ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எக்ஸ்பி, அதுக்கு எவ்வளவு கோல்டு செலவுங்கறதுதான் முக்கியம், அந்த அட்டவணை எல்லாம் அவங்க விக்கில சும்மாவே கிடக்கு, எந்த குவெஸ்டை எந்த வரிசைல பண்ணணும்னு கூட தனி பக்கம் இருக்கு, ரூன்லைட்ங்கற மென்பொருள்ல விளையாடும்போது குவெஸ்ட் ஹெல்பர்னு ஒரு ப்ளகின் போட்டா எந்த கதவை தட்டணும்னு கோடு போட்டு காட்டும். இதுக்கு யாராவது காசு கேட்டா சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க.

ஃபைனல் ஃபேண்டஸி 14ல முதல் ஜாபுக்கு (அங்க கிளாஸுக்கு பேர் ஜாப்) மெயின் கதையை ஓட்டினாலே லெவல் தானா ஏறும், கதையை முடிக்காம அடுத்த ஊருக்கே விட மாட்டாங்க, அதனால ரூட்னு ஒண்ணு கிடையாது. ரெண்டாவது ஜாப் ஏத்தும்போது தினமும் ரௌலட் (விளையாட்டே தேர்ந்தெடுத்து அனுப்புற டஞ்சன்) ஓட்டுங்க, உங்க பெரிய ஜாபை விட லெவல் கம்மியா இருக்கிற ஜாபுக்கு எக்ஸ்பி போனஸ் வேற உண்டு. கைடுக்கு அங்க வேலை இல்ல.

இன்னொண்ணு, கைட்னு பேர் வெச்சு வேற எதையாவது விக்கிறவங்க நிறைய. 'பவர் லெவலிங்'னு சொல்லி பாஸ்வேர்ட் கேட்டா அது கைட் இல்ல, உங்க அக்கவுண்ட்ல வேற ஒருத்தன் விளையாடுறது, விதிப்படி அக்கவுண்டே போகும், அதோட உங்க கோல்டும் போகலாம். டவுன்லோட் பண்ணி ரன் பண்ணுங்கன்னு ஒரு இஎக்ஸ்இ ஃபைல் குடுத்தாலும் கொஞ்சம் நிதானிங்க. ஆட்ஆன்னா பெரும்பாலும் எழுத்து ஃபைல்தான், ஃபோல்டர்ல காப்பி பண்ணா வேலை முடிஞ்சது. சில பெரிய பேர்கள் அப்டேட் பண்ண தனி மென்பொருள் வெச்சிருக்காங்க, அது வேற, ஆனா பேர் தெரியாதவன் குடுக்கிற ஃபைல்ல கீலாகர் (நீங்க தட்டுற பாஸ்வேர்டை திருடுற நிரல்) இருந்து அக்கவுண்ட் காலியான கதை இந்த விளையாட்டுல புதுசே இல்ல.

சரி, உங்களுக்கு நேரா வர்றேன், நீங்க என்ன கிளாஸ்னு சொல்லல, வாரியர்னா 17ல மெதுவா இருக்கிறது உங்க தப்பே இல்ல, அந்த கிளாஸ் தனியா போனா அப்படித்தான், நல்ல ஆயுதம் ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் கஷ்டம். விளையாட்டோட ரெண்டு அணில நீங்க அலையன்ஸா இருந்தா 60ல இருக்கிற உங்க ஆளுங்கள்ல ஒருத்தரை கூட்டிட்டு ஒரு தடவை டெட்மைன்ஸ் டஞ்சனுக்கு போய்ட்டு வாங்க, ஹோர்டா இருந்தா வெய்லிங் கேவர்ன்ஸ். 60 லெவல் ஆள் கூட வந்தா எக்ஸ்பி ஒண்ணும் பெருசா கிடைக்காது, ஏன்னா பெரிய லெவல் ஆள் குரூப்ல இருந்தா பங்கு அந்த பக்கம் போயிடும், ஆனா டஞ்சன் குவெஸ்டை குடுக்கும்போது வர்ற எக்ஸ்பி முழுசா உங்களுக்குத்தான், அதோட ஒரு நல்ல ஆயுதம் வந்துச்சுன்னா அடுத்த அஞ்சாறு லெவல் ஓடும். அவங்ககிட்ட பெரிய பை நாலு கேளுங்க, சங்கோஜப்படாதீங்க, ரெய்டு போறவங்களுக்கு அது ஒரு செலவே இல்ல, உங்களுக்கு கடைக்கு நடக்குற நடை பாதியா குறையும். ஸ்ட்ராங்கில்தார்ன் காட்டுக்கு போற லெவல் வரும்போது புஸ்தக பக்கம் பக்கமா விழுற ஒரு குவெஸ்ட் வரும், சின்ன பையோட அதை எடுத்தா பை முழுக்க காகிதமா நிக்கும், அப்ப என்னை நினைச்சுக்குவீங்க.

குவெஸ்டீ போட்டுக்குங்க, பேப்பர்ல அந்த ஒரு மணி நேர கணக்கை எழுதுங்க, 25 வரைக்கும் இப்படியே போங்க. அதுக்கப்புறமும் நடையும் முழிப்பும்தான் நேரத்தை தின்னுதுன்னா முதல்ல ஒரு இலவச வழித்தடத்தை ரெண்டு மூணு லெவல் ஓட்டி பாருங்க, காசு கைடுக்கும் ஆரம்ப பகுதியை பெரும்பாலும் சும்மா பாக்க விடுவாங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வாங்கினீங்கன்னா மாச கணக்குல வாங்குங்க, வருஷத்துக்கு கட்டாதீங்க. அப்புறம் 40ல மவுண்டுக்கு (ஏறி போற மிருகத்துக்கு) கோல்டு சேர்த்து வைங்க, 60% வேகம் கூடும், கைட் ஓட்டத்துல வேகமா போய் 40ல பை காலியா நிக்கிறவங்க நிறைய, அவங்க அங்கிருந்து நடந்துதான் போறாங்க. கிளாஸ் என்னன்னு எழுதுங்க, 17ல இருந்து 25 வரைக்கும் எந்த ஊருக்கு போகலாம்னு நானே சொல்றேன்.